திருகோணமலையில் மேம்பட்ட தீவனப்புல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளிப் பக்கத்து மாட்டுக்காரர்களும், "புல் நட்டு விற்றால் காசு வருமா?" என்று கேட்கும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் பெரும்பாலான கணக்குகளைக் கிலோவிலும் லீற்றரிலும் தந்திருக்கிறேன். உங்கள் ஊர் விலையை அதில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

மேம்பட்ட புல் என்றால் எந்தப் புல்?

மனிதர் தெரிவு செய்தோ, இரண்டு இனங்களைக் கலந்தோ, மாட்டுத் தீவனத்துக்கென்றே உருவாக்கிய புல். நம் பக்கம் அதிகம் தெரிந்தது கோ-3. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நேப்பியர் புல்லையும் கம்பையும் கலந்து உருவாக்கியது அது. கோ-4, கோ-5 இரண்டும் அதன் தம்பிகள். தாய்லாந்தில் இருந்து வந்த பாக்சொங்-1 உம் அதே குடும்பம்தான், "சூப்பர் நேப்பியர்" என்ற பெயரில் விற்கிறார்கள். இவை எல்லாம் வெட்டிப் போடும் புற்கள்.

மேய விடுவதற்கான புற்கள் வேறு. பிரக்கியாரியா வகைகளும் கினிப்புல்லின் தெரிவு செய்த இனங்களும் அதில் முக்கியம். உலகச் சந்தையில் பெரும் பணம் புரள்வது இந்த இரண்டாவது கூட்டத்தில்தான். திருகோணமலையில் வேலை இருப்பது முதல் கூட்டத்துக்கு. காரணம் கீழே வருகிறது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், திருகோணமலையில் இதற்குச் சந்தை உண்டா?

உண்டு. ஆனால் பலர் நினைக்கிற இடத்தில் இல்லை.

புல்லை யாரும் புல்லுக்காக வாங்குவதில்லை. பாலாகவோ தயிராகவோ இறைச்சியாகவோ திரும்பி வரும் என்றால்தான் வாங்குவார்கள். பட்டியில் 40 மாடு வைத்து, காலையில் ஒரு தடவை மட்டும் கறந்து, மாட்டுக்கு ஒன்றோ ஒன்றரையோ லீற்றர் எடுப்பவர் புல்லுக்குக் காசு கொடுக்க மாட்டார். கொடுக்கவும் கூடாது, கட்டாது. வீட்டுக் கொட்டிலில் மூன்று நான்கு கலப்பினப் பசு கட்டி, நாளுக்கு மாட்டுக்கு ஆறு லீற்றருக்கு மேல் எதிர்பார்ப்பவர்தான் வாங்குவார். அவரும் வருடம் முழுக்க வாங்க மாட்டார். மாரியில் வரம்பு, வாய்க்கால், தெருவோரம் எங்கும் புல் இருக்கிறது. அவர் திண்டாடுவது மே முதல் செப்டெம்பர் வரை.

ஆகவே இந்த மாவட்டத்தில் சந்தை என்பது கோடை மாதங்களில், கொட்டில் மாடு வைத்திருப்பவருக்கு, வெட்டிய புல்லையோ பதப்படுத்திய புல்லையோ கொண்டுபோய்க் கொடுப்பது. விதை விற்பது, தண்டு விற்பது எல்லாம் பக்க வருமானம். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளைப் படியுங்கள்.

மாடு சும்மா மேய்ந்துவிட்டு வருகிறது. புல் எதற்கு நட வேண்டும்?

மேய இடம் இருக்கும்வரை நட வேண்டியதில்லை. பிரச்சினை அந்த இடம் சுருங்குவதுதான்.

மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். புல் நன்றாக வளரும் அந்த நேரத்தில்தான் பெரும்போக வேளாண்மையும் நடக்கிறது. வயல் முழுக்க நெல். மாட்டை ஊருக்குள் வைத்திருந்தால் சண்டை, தண்டம். ஓட்டிக்கொண்டு காட்டோரம் போனால் அங்கே வனத்திணைக்களத்தின் எல்லைக் கல், அதைத் தாண்டினால் யானை. மேய்ச்சல்தரைத் தகராறு என்றால் உடனே மட்டக்களப்பு மயிலத்தமடுதான் ஞாபகம் வரும். அளவில் சிறிதானாலும் அதே நெருக்கடி வெருகலிலும் மூதூரிலும் மொரவெவவிலும் இருக்கிறது.

அறுவடை முடிந்ததும் மாடு வயலுக்குள் இறங்கும், அரிதாள் தின்னும். சிறுபோகம் விதைக்கும் இடங்களில் அதுவும் கொஞ்ச நாள்தான். பிறகு கச்சான் காற்று அடித்து எல்லாம் காய்ந்துபோகும். குளம் வற்ற வற்ற அதன் தாவளையில் முளைக்கிற புல்லை நம்பி ஓகஸ்ட், செப்டெம்பர் ஓடும். இந்த வட்டத்துக்குள் பழகிய ஊர் மாடு எப்படியோ உயிர் பிழைத்துக்கொள்ளும். பால் தராது, அவ்வளவுதான்.

ஒரு பசுவுக்கு எவ்வளவு புல் வேண்டும்? எவ்வளவு நிலம்?

300 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 8 கிலோ உலர்தீவனம் தின்னும். நேப்பியர் வகைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எனவே புல் மட்டுமே கொடுத்தால் நாளுக்கு 40 முதல் 45 கிலோ பச்சைப்புல், வருடத்துக்கு ஏறத்தாழ 15 தொன்.

கோ-3 வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 350 தொன்னுக்கு மேல் தரும் என்று துண்டுப்பிரசுரங்களில் எழுதியிருக்கும். ஏக்கருக்கு அது 140 தொன். முழுப் பாசனமும் முழு உரமும் கிடைக்கும் ஆராய்ச்சிப் பண்ணைக் கணக்கு அது. நம் கையில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல். பாதி என்று வைத்தால் ஏக்கருக்கு நான்கு பசு சொச்சம், அதாவது பசு ஒன்றுக்கு 40 பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. கோடையில் தண்ணீர் இறைக்க முடியாத இடம் என்றால் அதையும் இரட்டிப்பாக்குங்கள். கிண்ணியாவில் 20 பேர்ச் வளவில் வீட்டையும் கட்டி, மூன்று பசுவையும் கட்டி, அவற்றுக்கான புல்லையும் அங்கேயே வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்தான் புல் விற்பவருக்கு நல்ல வாடிக்கையாளர்.

நல்ல புல் போட்டால் பால் கூடுமா? எவ்வளவு?

கூடும், மாட்டில் அதற்கு இடம் இருந்தால்.

தீவனத்தின் சக்தியை மெகாஜூலில் அளப்பார்கள். அந்த 300 கிலோ பசு பால் தராமல் சும்மா நிற்பதற்கே நாளுக்குச் சுமார் 36 மெகாஜூல் வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு லீற்றர் பாலுக்கும் ஏறத்தாழ 5 மெகாஜூல். வைக்கோலை நாளுக்கு 6 கிலோவுக்கு மேல் தின்னாது, கிலோவில் 6 மெகாஜூல் அளவுதான். மொத்தம் 36. உயிர் ஓடும், பால் வராது. 45 நாளில் வெட்டிய நேப்பியர் என்றால் உலர்நிறையில் கிலோவுக்கு 8.5 மெகாஜூல் மட்டில் இருக்கும். 8 கிலோவுக்கு 68. உடம்புச் செலவு போக 32 மிச்சம், அதாவது ஆறு லீற்றர் பாலுக்குப் போதும்.

காகிதத்தில் இப்படி. உண்மையில் வெயிலும் நடையும் உண்ணியும் ஒரு பங்கைத் தின்றுவிடும். என்றாலும் வைக்கோலுக்கும் புல்லுக்கும் உள்ள இடைவெளி இந்தக் கணக்கில் தெரிகிறது அல்லவா? அந்த இடைவெளியைப் பலர் மூட்டைத் தீவனத்தாலும் தேங்காய்ப் பிண்ணாக்காலும் நிரப்புகிறார்கள். 2021, 2022 இல் டொலர் தட்டுப்பாட்டில் மூட்டைத் தீவனத்தின் விலை ஏறியபோது, புல் வைத்திருந்தவர் தாக்குப்பிடித்தார், இல்லாதவர் மாட்டை விற்றார்.

புல் கொடுத்தாலும் தண்ணீரும் தாதுஉப்பும் இல்லாமல் இந்தக் கணக்கு ஓடாது. கறவைப் பசு நாள் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் முன்னால் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு வாளி காட்டுவது போதாது.

முதலில் மாட்டை மாற்றுவதா, புல்லை நடுவதா?

புல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2017 இல் அவுஸ்திரேலியாவில் இருந்து கப்பலில் ஆயிரக்கணக்கான கறவைப் பசுக்கள் இலங்கைக்கு வந்தன. வாங்கிய பலர் கடனாளி ஆனார்கள், பல மாடுகள் செத்தன. நோயும் அதில் ஒரு காரணம், தீவனம் மட்டும் அல்ல. ஆனால் 15, 20 லீற்றர் எதிர்பார்த்து வாங்கிய மாட்டுக்குப் போட ஒரு பாத்தி புல்கூட இல்லாத இடங்களும் இருந்தன. புல் நட்டு, அது இரண்டு வெட்டு வந்த பிறகு, உங்கள் ஊர்ப் பசுவையே சாகிவால் அல்லது ஜேர்சி விந்தால் செயற்கைமுறையில் சினைப்படுத்தி, பிறக்கும் நாகு கன்று போடும்வரை மூன்று வருடம் பொறுப்பது நிதானமான வழி. திருகோணமலை வெப்பத்தில் முழு பிரீசியனுக்கு ஆசைப்படாதீர்கள்.

ஊர்ப் பசுவுக்கு இந்தப் புல்லைப் போட்டால்?

கொஞ்சம் கூடும். ஒரு லீற்றர் தந்தது இரண்டு தரும். அதற்கு மேல் அதன் உடம்பில் இல்லை. ஆனால் கன்று சீக்கிரம் வளரும், அடுத்த சினை சீக்கிரம் நிற்கும். அந்த லாபம் தினமும் கையில் வராததால் ஆட்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. விற்கிற புல்லை வாங்கிப் போடும் அளவுக்குக் கட்டாது. சொந்தப் புல் என்றால் சினைப்பசுவுக்கும் கன்றுக்கும் போடலாம்.

தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வைக்கோல் சும்மா கிடக்கிறது. அதற்கு முன் புல் நிற்குமா?

நல்ல கேள்வி. மேம்பட்ட புல்லுக்கு இங்கே உண்மையான போட்டியாளர் இன்னொரு புல் அல்ல, வைக்கோல்தான். பெரும்போக அறுவடை முடிந்ததும் பெப்ரவரி, மார்ச்சில் மெஷின் வெட்டிப் போட்ட வைக்கோலை எத்தனையோ பேர் வயலிலேயே கொளுத்துகிறார்கள். முதலில் அதைக் கட்டி அடுக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன், புல் விற்கிற ஆளாக இருந்தாலும்.

வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 4 மட்டில்தான். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய 7 வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, படைபடையாகத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி இரண்டு மூன்று கிழமை வைத்தால் புரதமும் கூடும், மாடு தின்னும் அளவும் கூடும். கொடுக்கும் முன் விரித்துக் காற்றாட விட வேண்டும். யூரியாக் கரைசலை மாடு குடித்தால் செத்துப்போகும், எட்டாத இடத்தில் வையுங்கள். கன்றுக்குக் கொடுக்க வேண்டாம்.

பாதி வைக்கோல், பாதி பச்சைப்புல், மேலே ஒரு பிடி கிளிரிசீடியா இலை. கோடையில் நான்கு ஐந்து லீற்றர் பசுவுக்கு இது போதும். புல் விற்பவரும் இதை நினைத்துத்தான் திட்டமிட வேண்டும்: வாடிக்கையாளர் முழு வயிற்றுக்கும் புல் வாங்க மாட்டார், பாதிக்குத்தான் வாங்குவார்.

எந்த இடத்துக்கு எந்தப் புல்?

மாவட்டம் முழுக்க ஒரே மண் இல்லை. ஒரே புல்லைச் சொல்கிறவர் தண்டு விற்க வந்தவராக இருப்பார்.

கந்தளாய், மொரவெவ, கோமரங்கடவலப் பக்கம் செங்கபில மண். தண்ணீர் வசதி இருந்தால் கோ-3, கோ-4, பாக்சொங் எதுவும் வரும். தண்ணீர் இல்லாத மேட்டுக்காணி என்றால் கினிப்புல், அல்லது பிரக்கியாரியா. வரட்சியில் காய்ந்து நின்றாலும் முதல் மழைக்குத் துளிர்க்கும் வேர் அவற்றுக்கு உண்டு.

மூதூர், ஈச்சிலம்பற்று, சேருவில, அல்லைத் திட்டப் பகுதியில் மகாவலி கொண்டுவந்து போட்ட வண்டல். விளைச்சலுக்கு அருமையான இடம், வெள்ளம்தான் தொல்லை. நேப்பியர் வகைகள் தேங்கிய தண்ணீரில் அழுகும். டிசம்பரில் இரண்டு கிழமை தண்ணீர் நிற்கிற பள்ளம் என்றால் அங்கே பாரா புல் போடுங்கள். அதுவும் பிரக்கியாரியா குடும்பம்தான், ஆனால் தண்ணீருக்குள் நிற்கப் பிறந்தது. எருமைக்கு மிகவும் பிடிக்கும்.

நிலாவெளி முதல் குச்சவெளி, புல்மோட்டை வரை கரையோர மணல். சத்து நிற்காது, கோடையில் கிணறு உவர்க்கும். உவர்த் தண்ணீரில் கோ-3 நுனி கருகி நின்றுவிடும். ரோட்ஸ் புல் உவரைத் தாங்கும் பெயர் பெற்றது, காய்ந்த புல்லாகக் கட்டி வைக்கவும் ஏற்றது. சிறிய பாத்தியில் முயன்று பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் அந்தப் பக்கத்தில் புல் வளர்ப்பதைவிட வேலியெங்கும் இலைத்தீவன மரங்களான கிளிரிசீடியாவும் இப்பில்-இப்பிலும் நடுவது மேல். கிண்ணியாவின் உவர்ப்பட்ட காணிகளுக்கும் இதே பதில்.

பாக்சொங் கோ-3 ஐ விட உயர்ந்ததா? யூடியூப்பில் 18 சதவீதப் புரதம் என்கிறார்களே?

நல்ல புல். தண்டு பருமன், உயரம் அதிகம், மயிர் குறைவு. ஆனால் அந்தப் புரத அளவு, அதிக உரம் போட்டு இளசாக வெட்டிய புல்லுக்கு. அதே கவனிப்பில் கோ-4 உம் நன்றாகத்தான் இருக்கும். இனத்தைவிட எந்த நாளில் வெட்டுகிறீர்கள் என்பதே பெரிது. முதல் வெட்டு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒரு தடவை. பத்தடி வளரட்டும் என்று 90 நாள் விட்டால் எடை கூடும், மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளிவிடும். அரைக்கிற மெஷின் இல்லாத வீட்டில் பாக்சொங்கின் தடித்த தண்டு பெரும் வீண்.

பிரக்கியாரியா உலகம் முழுக்கப் பெரிய வியாபாரம் என்கிறார்கள். அது என்ன கதை?

ஆபிரிக்காவில் பிறந்து தென்னமெரிக்காவில் பணக்காரன் ஆன புல் அது. பிரேசிலின் செராடோச் சவன்னா நிலம் அமில மண், பயிருக்கு ஆகாதது என்று கிடந்தது. பிரக்கியாரியா அங்கே வேர்பிடித்தது. 1984 இல் பிரேசிலின் அரச ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபா "மராண்டு" என்ற இனத்தை வெளியிட்டது. வேரையும் தண்டையும் உறிஞ்சும் ஒரு எச்சில்பூச்சி பழைய இனங்களை அழித்துக்கொண்டிருந்த நேரம் அது, மராண்டு அதைத் தாங்கியது. இன்று பிரேசிலில் பல கோடி ஹெக்டேயர் மேய்ச்சல் நிலம் இந்தக் குடும்பத்துப் புல்தான். இறைச்சி ஏற்றுமதியே அதன் மேல் நிற்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிரக்கியாரியாவின் பெரும்பாலான இனங்கள் கருவுறாமலேயே விதை கட்டும். விதையில் முளைப்பது தாயின் அச்சு நகல். விவசாயிக்கு நல்லது, புதிய இனம் உருவாக்க நினைப்பவருக்குத் தலைவலி, ஏனெனில் கலப்பு செய்யவே முடியாது. 1980களில் பெல்ஜியத்தில் ஒரு வகையின் நிறமூர்த்தத்தை இரட்டிப்பாக்கி அந்தப் பூட்டைத் திறந்தார்கள். அதை வைத்துக் கொலம்பியாவில் உள்ள சியாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையம் கலப்பினங்களை உருவாக்கியது. முதலாவது "முலாட்டோ", 2001 இல் விற்பனைக்கு வந்தது. அதன் பின் முலாட்டோ-2, கேமன் முதலியவை. விற்பது மெக்சிகோவின் பப்பலோட்லா நிறுவனம்.

அங்கே ஒருவர் ஆயிரம் ஏக்கரில் விதை தூவி ஆயிரம் மாட்டை விடுகிறார். விதைக்குச் சந்தை அங்கே இயல்பாக வந்துவிடுகிறது. நம்மிடம் வேலியடைத்த சொந்த மேய்ச்சல் நிலம் யாரிடம் இருக்கிறது? பொதுத்தரையில் ஒருவர் காசு கொடுத்து விதை தூவினால் ஊர் மாடு முழுக்க வந்து தின்னும். அதனால்தான் வெட்டிப் போடும் புல்லுக்கே இங்கே வேலை என்று மேலே சொன்னேன். தென்னந்தோப்புக்குள் வேலி போட்டு மாடு விடுகிறவர் மட்டும் விதிவிலக்கு, அவருக்குப் பிரக்கியாரியா பொருந்தும், நிழலையும் ஓரளவு தாங்கும்.

தாய்லாந்தில் விவசாயிகள் இந்த விதையை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்கிறார்களாமே. நாமும் செய்யலாமா?

உபோன் ராட்சதானி மாகாணத்துச் சிறு விவசாயிகள் முலாட்டோ-2, மொம்பாசாக் கினிப்புல் விதைகளைக் கையால் அறுவடை செய்து ஏற்றுமதிக்குக் கொடுப்பது உண்மை. ஆனால் நமக்கும் அவர்களுக்கும் மழை நேர் எதிர். பகல் குறுகத் தொடங்கும்போது முலாட்டோ-2 பூக்கும், அதன்பின் விதை முற்றும். அவர்களுக்கு அந்த நேரம் மழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும். நமக்கோ நவம்பர், டிசம்பர், கொட்டுகிற வாடைமழை. முற்றிய விதை சேற்றில் உதிரும், பூஞ்சணம் பிடிக்கும். திருகோணமலையில் விதை உற்பத்திக்கு நான் காசு போட மாட்டேன்.

அப்படியென்றால் தண்டு விற்கலாமா?

விற்கலாம், முதல் இரண்டு வருடம். நேப்பியர் வகைகள் விதையில் வராது, இரண்டு கணுவுள்ள தண்டைத்தான் நட வேண்டும். 60 சென்ரிமீற்றருக்கு 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஏக்கருக்கு 13,000 தண்டுக்கு மேல் வேண்டும். கேட்கப் பெரிய வியாபாரமாகத் தெரியும். ஆனால் இன்று வாங்குகிறவர் ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுப்பார். திட்டங்கள் வரும்போது மொத்தமாக வாங்குவார்கள், திட்டம் முடிந்ததும் நின்றுவிடும். புல் விற்பனைதான் அடிப்படை, தண்டு வந்தால் வரட்டும்.

பச்சைப்புல்லை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விற்கலாம்?

பட்டா லொறியில் ஒரு தொன் ஏற்றினால் 800 கிலோ தண்ணீர், 200 கிலோ தீவனம். டீசல் கொடுத்துத் தண்ணீர் சுமப்பது கட்டுமா? பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கந்தளாயில் வளர்த்துக் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் விற்பது சரி. புல்மோட்டைக்கு ஏற்றுவது சரியில்லை.

விலை பேசும்போது கட்டுக் கணக்கில் பேசாதீர்கள், நிறுத்துக் கொடுங்கள். கட்டு நாளாக நாளாகச் சிறுக்கும், வாங்குகிறவருக்கும் அது தெரியும். பால் சேகரிக்கும் இடத்திலேயே, காலையில் பால் ஊற்ற வரும் நேரத்தில் புல்லை இறக்கினால் வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களின் பால் காசில் கழிக்க நிலையத்தோடு ஒழுங்கு செய்ய முடிந்தால் கடனும் தேங்காது.

சைலேஜ் செய்தால் எப்படி?

சைலேஜ் என்றால் பச்சைப்புல்லைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்துச் சேமிப்பது. நான் அதிகம் நம்புவது இதைத்தான். மாரியில் மலிந்து கிடக்கும் புல்லைக் கோடைக்குக் கொண்டுபோக இதைவிட வழி இல்லை.

45 முதல் 60 நாள் புல்லை வெட்டி அரை நாள் வாட விடுங்கள். மாரியில் வெயில் கிடைப்பதுதான் சிரமம், ஆகவே ஜனவரி கடைசி, பெப்ரவரி வெட்டைக் குறி வையுங்கள். ஓர் அங்குல நீளத்துக்கு அரைத்து, சீனி ஆலைப் பாணிக்கழிவு (மொலாசஸ்) கிடைத்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்த்து, மூடியுள்ள நீலப் பரலிலோ தடித்த பொலித்தீன் பையிலோ மிதித்து மிதித்து அடையுங்கள். காற்று இருந்தால் பூஞ்சணம், அதில் சமரசமே கிடையாது. 30 நாளுக்குப் பிறகு திறக்கலாம், திறக்காமல் வைத்தால் பல மாதம் இருக்கும். மஞ்சள் கலந்த பச்சை நிறமும் மெல்லிய புளிப்பு மணமும் வந்தால் சரி. கறுத்து நாறினால் மாட்டுக்குப் போடாதீர்கள்.

சோளச் சைலேஜை உருளையாகக் கட்டி விற்கிற கம்பனிகள் நாட்டில் ஏற்கெனவே உண்டு. சத்தில் சோளத்தை நேப்பியர் முந்தாது. ஆனால் இங்கே செய்தால் ஏற்றுக்கூலி இல்லை, சோளத்துக்கு வரும் படைப்புழுத் தொல்லையும் குறைவு. 50 கிலோப் பைகளில், யூலையில் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடியவருக்கு இந்த மாவட்டத்தில் வாங்க ஆள் உண்டு.

தயிர்க்காரர்கள் வாங்குவார்களா?

கந்தளாய் வீதியோரத்தில் சட்டித் தயிர் விற்கிறவர்களின் பால் பெரும்பாலும் எருமைப்பால். எருமை அநேகமாகக் குளத்தையும் சேற்றுப்புல்லையும் நம்பி இருக்கிறது, வைக்கோலையும் நன்றாகச் செரிக்கும். ஆகவே நேரடியாக வாங்குவது குறைவு. ஆனால் கோடையில் பால் குறைந்து சுற்றுலாக்காரர் வருகை கூடும் மாதங்களில் அவர்களுக்குப் பால் தட்டுப்படும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை, புல் காயும் அதே மாதங்கள்! அந்த நேரத்தில் பால் வைத்திருப்பவர் பால் கம்பனி விலையை ஏற்க வேண்டிய கட்டாயத்தில் இல்லை. புல்லின் மதிப்பு அங்கேதான் கூடுகிறது.

உரம் எவ்வளவு?

இந்தப் புல் மண்ணை உறிஞ்சும். ஏக்கருக்கு 70 தொன் வெட்டினால் அதோடு சுமார் 200 கிலோ நைதரசனும், அதற்குக் குறையாத பொட்டாசியமும் வெளியேறுகிறது. சொந்த மாட்டுக்குப் போட்டால் எருவும் மூத்திரமும் திரும்ப வரும், கொட்டில் கழுவும் தண்ணீரை அப்படியே பாத்திக்கு விடுங்கள். விற்கிறவருக்கு மண்ணே வண்டியேறிப் போகிறது. வாங்கும் வீட்டில் இருந்து திரும்பும் வண்டியில் எருவை ஏற்றி வாருங்கள், விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்திய அனுபவம் நமக்கு உண்டு. யூரியாவை மட்டும் நம்பித் தோட்டம் போட வேண்டாம்.

மாட்டுக்கு ஏதும் ஆபத்து உண்டா?

சில. நீண்ட வரட்சிக்குப் பிறகு மழை பெய்து, யூரியாவும் போட்டு, உடனே வெட்டிய இளம் புல்லில் நைத்திரேற்று என்ற உப்பு கூடியிருக்கும், அளவு மிஞ்சினால் மாட்டுக்கு நஞ்சு. பசித்த மாட்டுக்கு அதை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். தீவன இறுங்குப் பயிரை முழங்கால் உயரத்தில் மேய விட்டால் சயனைட்டு நஞ்சு, அரை மணித்தியாலத்தில் மாடு விழும். பூக்கும்வரை பொறுங்கள். சில பிரக்கியாரியா இனங்களைத் தின்ற ஆடுகளுக்கு வெயில் ஒவ்வாமை வரும், காதும் கண்ணும் வீங்கித் தோல் உரியும். ஆடு வளர்க்கும் வீட்டில் அதை மட்டுமே கொடுக்க வேண்டாம்.

கினிப்புல் களையாகிவிடும் என்கிறார்களே?

ஆகிவிடும். இலங்கையில் ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கோடையில் காய்ந்து நின்றால் தீயும் பிடிக்கும். பூக்கும் முன் வெட்டுங்கள், காட்டோரத்தில் புதிதாக நட வேண்டாம்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது நல்ல தண்டு நாலு கொண்டு வரலாமா?

கூடாது. 1999 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நடுகைப் பொருள் எதையும் கொண்டு வர முடியாது. பிடித்தால் அழிப்பார்கள். தண்டோடு நோயும் வரும். ஊரிலேயே கிடைக்கிற இனங்கள் போதும். உங்கள் பிரிவின் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் நல்ல தண்டு இருக்கிறது என்று கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியருக்குத் தெரியும்.

யானை?

வரும். கந்தளாய், மொரவெவ, சேருவில, வெருகல் எங்கும். பசுமையாக நிற்கிற ஒரே பாத்தி உங்களுடையது என்றால் கோடையில் கட்டாயம் வரும். வீட்டுக்கு அருகில், விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் நடுங்கள். மின்வேலிச் செலவு அரை ஏக்கர் புல்லுக்குக் கட்டாது. இதைவிடத் தினசரித் தொல்லை அயல்வீட்டு மாடுதான், அதற்குக் கிளிரிசீடியாக் கதியாலே வேலி, அதுவே இலைத்தீவனமும்.

சரி, அரை ஏக்கரில் தொடங்க நினைக்கிறேன். எப்போது, எப்படி?

ஒக்டோபர் முதல் மழையோடு நடுங்கள். டிசம்பர் வெள்ளத்துக்கு முன் வேர் பிடித்துவிடும். மழை தேங்கும் காணி என்றால் வரம்புகட்டி மேட்டில் நடுங்கள், அல்லது ஜனவரி வரை பொறுங்கள். முதல் வெட்டு ஜனவரியில் வரும், அதை விற்க முயலாதீர்கள், அப்போது யாருக்கும் புல் தேவையில்லை. பாதியைச் சைலேஜுக்கு வையுங்கள். ஏப்ரலுக்குள் நாலு வீட்டுக்காரரோடு பேசி, யாருக்கு நாளுக்கு எத்தனை கிலோ என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் இறைக்க முடிந்த அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். கிணறு வற்றினால் எவ்வளவு பாத்தியைக் காக்க முடியும் என்பதை யூன் மாதம் மோட்டரைப் போட்டுப் பார்த்த பிறகே அடுத்த அரை ஏக்கரைத் தீர்மானியுங்கள்.